வண்டி ரேடியோவுக்கு எந்த ஆன்டெனா? ஒன்றரை மீட்டர் கெயின் கம்பியா, அரை மீட்டர் கம்பியா?

மலைப்பாதை:

எல்லாருக்கும் வணக்கம். அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆறு மாசம் முன்னாடி வண்டியில 50 வாட் டூயல் பேண்ட் (145, 435 மெகாஹெர்ட்ஸ் ரெண்டு பக்கமும் பேசற) ரேடியோ பொருத்தினேன். ஏழு பேர் உட்கார்ற வண்டி, இரும்புக் கூரை, சன்ரூஃப் கிடையாது. மாசத்துல ரெண்டு தடவையாவது நாலஞ்சு வண்டியா சேர்ந்து மலைப் பக்கம் போவோம். அதுக்காகத்தான் இந்த ரேடியோவே.

இப்ப மாட்டியிருக்கிற ஆன்டெனா ஒன்றரை மீட்டர் நீளம். பெட்டியில கெயின் (அடிவானத்துப் பக்கம் எவ்வளவு கூட்டி அனுப்புதுங்கற அளவு) 145 மெகாஹெர்ட்ஸ்ல 4.5 டிபிஐ, 435ல 7.2 டிபிஐன்னு போட்டிருக்கு. பானெட்டோட இடது ஓரத்துல கிளாம்ப் போட்டு நிறுத்தியிருக்கேன். கேபிளை முன் கதவு இடுக்கு வழியா உள்ளே விட்டிருக்கேன். எஸ்டபிள்யூஆர் (அனுப்பின சக்தி எவ்வளவு திரும்பி வருதுங்கற அளவு, 1.0ன்னா எதுவும் திரும்பல) 145ல 1.1. அதுல எந்தக் குறையும் இல்ல.

ஆனா பேச்சுதான் போக மாட்டேங்குது. 25 கிலோமீட்டர்ல மலை மேல இருக்கிற ரிப்பீட்டர் (நம்ம பேச்சை வாங்கி மறுபடி அனுப்புற நிலையம்) எனக்கு நல்லா கேக்குது. நான் பேசினா உடைஞ்சு உடைஞ்சு போகுதுங்கறாங்க. கூட வர்ற நண்பர் வண்டியில 25 வாட் ரேடியோதான், கூரை நடுவுல அரை மீட்டர் கம்பி. நான் நிக்கிற அதே இடத்துல நின்னு அவர் சுத்தமா பேசுறார். வண்டிக்கு வண்டி பேசும்போதும் 3 கிலோமீட்டர் தாண்டினா நான் தொலைஞ்சு போறேன்.

இன்னும் கெயின் கூடின ஆன்டெனா வாங்கணுமா? இல்ல கூரைக்கு மாத்தணுமா? மாத்தினா மேக்னட்டா, ஓட்டையா? வண்டி புதுசு, ஓட்டை போட மனசு வரல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நெடுஞ்சாலை:

ஓட்டையெல்லாம் வேணாம் சார். நல்ல மேக்னட் மவுன்ட் ஒண்ணை வாங்கி கூரை நடுவுல வைங்க. எட்டு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன். 145, 435ல மேக்னட் அடியில இருக்கிற தகடும் கூரையும் கெப்பாசிட்டர் மாதிரி சேர்ந்துக்கும். பெயின்ட் நடுவுல இருந்தாலும் கிரவுண்ட் கிடைச்சிடும். 27 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கீழ் பேண்டுலதான் அந்த இணைப்பு பலவீனமாகும்.

ஒரே ஒரு பழக்கம் வேணும். வாரம் ஒரு தடவை மேக்னட்டை நேரா மேலே தூக்கி எடுத்து, அடியையும் கூரையையும் ஈரத்துணியால துடைங்க. இழுத்து நகர்த்தாதீங்க. அடியில ஒட்டின மணல் பெயின்ட்டை வட்டமா அரைச்சிடும். என் பழைய வண்டிக் கூரையில அந்த வட்டம் இன்னும் இருக்கு.

கூரைக்கம்பி:

தம்பி, ஆன்டெனா வாங்கறதை ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. நீங்க எழுதினதுல என்னை உறுத்துறது அந்த 1.1தான்.

நான் 22 வருஷம் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, சரக்கு லாரின்னு ரேடியோ பொருத்துற வேலையில இருந்தவன். எஸ்டபிள்யூஆர் குறைவா இருந்தா ஆன்டெனா நல்லா வேலை செய்யுதுன்னு எடுத்துக்கறது எல்லாருக்கும் பழக்கம். அந்த எண் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: ரேடியோ அனுப்பின சக்தி திரும்பி வரல. எங்கே போச்சுன்னு அது சொல்லாது. ஆன்டெனாவைக் கழட்டிட்டு அதுக்குப் பதிலா 50 ஓம் டம்மி லோடை (சக்தியை வாங்கிச் சூடாக்கற மின்தடை) மாட்டிப் பாருங்க, மீட்டர் 1.0 காட்டும். காத்துல போறது ஒண்ணுமில்ல, அத்தனையும் சூடாயிடும்.

ஒரு ஆம்புலன்ஸ் விஷயம் சொல்றேன். மழைக்காலம் வந்தா அந்த வண்டி பேச்சு மட்டும் அடங்கிடும். ஓட்டுநர் என்கிட்ட மூணு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் எஸ்டபிள்யூஆர் பார்த்தேன், 1.2. ஆன்டெனா நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி ரேடியோவை ரெண்டு தடவை மாத்திக் கொடுத்தேன். நாலாவது தடவை, வேற வழியில்லாம கேபிளை நடுவுல வெட்டினேன். உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணி உருண்டு என் கையில விழுந்துச்சு. நடுக்கம்பியைச் சுத்தி இருக்கிற பின்னல் கம்பி பளபளன்னு செம்பா இருக்க வேண்டிய இடத்துல பச்சையும் கருப்புமா பொடிஞ்சு கிடந்தது. கூரை கனெக்டர் வழியா இறங்கின தண்ணி பின்னலுக்குள்ளேயே ஊர்ந்து ரெண்டு மீட்டர் வந்திருக்கு. அந்த மூணு தடவையும் உள்ளே நோயாளி இருந்த வண்டி அது. அதுக்கப்புறம் மீட்டர் நல்ல எண் காட்டுதுன்னு நான் எந்த வண்டியையும் அனுப்பினதில்ல.

உங்க ஆன்டெனா ஒன்றரை மீட்டர் நீளம், நடுவுல சுருள் வெச்சது. அந்த மாதிரி ஆன்டெனாவுல குறிப்பிட்ட அலைவரிசையில மட்டும்தான் எஸ்டபிள்யூஆர் நல்லா இறங்கணும். ரெண்டு பக்கமும் சீக்கிரம் ஏறணும். அதனால ரெண்டு அளவு எடுத்துச் சொல்லுங்க. கையடக்க ஆன்டெனா அனலைசர் (ரேடியோ இல்லாமலே எஸ்டபிள்யூஆர் அளக்கற கருவி) யார்கிட்டயாவது இருக்கும், கேட்டு வாங்குங்க.

முதல்ல, ரேடியோ பக்கத்து கேபிள் முனையில அனலைசரை மாட்டி 130லேர்ந்து 160 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் என்ன காட்டுதுன்னு எழுதுங்க. கதவெல்லாம் சாத்தி இருக்கணும், வண்டி திறந்த வெளியில நிக்கணும், சுவரோ இன்னொரு வண்டியோ பக்கத்துல இருக்கக் கூடாது.

அப்புறம், மேலே ஆன்டெனாவைக் கழட்டிடுங்க. கேபிள் முனை சும்மா திறந்து கிடக்கட்டும். அப்படியே 145லயும் 435லயும் பாருங்க. இது அனலைசர்ல மட்டும் செய்யற வேலை. அந்த நிலையில ரேடியோவை மாட்டி பொத்தானை அழுத்திடாதீங்க, கடைசி டிரான்சிஸ்டர் போயிடும்.

எண்ணைப் பார்த்துட்டு ஆன்டெனாவைப் பத்தி பேசலாம்.

மலைப்பாதை:

அண்ணா, நேத்து சாயங்காலம் மைதானத்துல நிறுத்தி அளந்தேன்.

130ல 1.8, 140ல 1.3, 145ல 1.1, 150ல 1.3, 160ல 1.7.

ஆன்டெனாவைக் கழட்டிட்டுப் பார்த்தது: 145ல 2.0, 435ல 1.3. ஒண்ணுமே மாட்டாம எப்படி 1.3 வரும்? அனலைசர் கெட்டுப் போச்சோன்னு நினைச்சு மறுபடி கேலிபரேஷன் பண்ணி எடுத்தேன். அதே எண்தான்.

கூரைக்கம்பி:

அனலைசர் சரியாத்தான் இருக்கு. கேபிள்தான் கெட்டுப் போச்சு.

திறந்து கிடக்கிற முனைக்குப் போன சக்தி முழுசும் திரும்பி வந்தாகணும். போறதுக்கு வேற இடமே இல்ல. அது குறைஞ்சு வருதுன்னா போகும்போதும் வரும்போதும் கேபிள் சாப்பிட்டிருக்கு. எஸ்டபிள்யூஆர் 2.0ங்கறது 9.5 டெசிபல் குறைஞ்சு திரும்புதுன்னு அர்த்தம். ரெண்டு வழிக்கும் சேர்த்து 9.5, அப்ப ஒரு வழிக்கு 4.8 கிட்ட. உங்க 50 வாட்ல மூணுல ஒரு பங்கு, 16, 17 வாட்தான் ஆன்டெனா அடிக்குப் போய்ச் சேருது. 435ல இன்னும் மோசம். 1.3ங்கறது ஒரு வழிக்கு 9 டெசிபலுக்குக் கொஞ்சம் கம்மி. அங்கே எட்டுல ஒரு பங்குதான் மிஞ்சும். நல்ல நிலையில இருக்கிற ஆர்ஜி 58 கேபிள் 5 மீட்டருக்கு 145ல 1 டெசிபல் எடுக்கும். அதோட முனையைத் திறந்து வெச்சுப் பார்த்தா 8, 9ன்னு காட்டணும்.

ஆன்டெனாவோட நிஜ எஸ்டபிள்யூஆரை இந்த கேபிள் மூடி மறைச்சு உங்களுக்கு 1.1 காட்டியிருக்கு, 130, 160லயும் 2க்கு மேலே ஏற விடல. அப்படியும் ரிப்பீட்டர் உங்களுக்கு நல்லா கேட்டதுக்குக் காரணம் இருக்கு. அது உயரத்துல நின்னு பலமா அனுப்புது, 5 டெசிபல் போனாலும் காதுக்குத் தெரியாது. உங்க பக்கத்துலேர்ந்து போறதுலதான் அந்த 5 டெசிபல் தெரியும்.

1.5ஐ 1.1 ஆக்க ராத்திரி பகலா கம்பி வெட்டுறவங்களைப் பார்த்திருக்கேன். 1.5ல திரும்பி வர்றது நூத்துக்கு 4 பங்கு. 2.0லயே 11 பங்குதான். உங்க கேபிள் நூத்துக்கு 67 பங்கைத் தின்னுட்டு இருந்திருக்கு. எதுக்கு நேரம் செலவு பண்ணணும்னு யோசிச்சுக்கங்க.

கதவு இடுக்கு வழியா விட்டிருக்கேன்னு சொன்னீங்க இல்ல, அங்கேதான் இருக்கும். கதவு சாத்தும் ஒவ்வொரு தடவையும் கேபிளை நசுக்கும், மேல் உறை வெடிக்கும், தண்ணி உள்ளே போகும். மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி பார்த்தா இதெல்லாம் தெரியாது. நடுக்கம்பி முழுசா இருக்கும், பீப் சத்தம் வரும். (இன்னொண்ணு: நிறைய ஆன்டெனாவுல அடியில இருக்கிற சுருள் நடுக்கம்பியை கிரவுண்டோட சேர்த்திருக்கும். மல்டிமீட்டர் ஷார்ட் காட்டும். அது பழுது இல்ல. அதைப் பார்த்து நல்ல ஆன்டெனாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க.)

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன்.

பெட்டி மேல எழுதியிருக்கிற டிபிஐயைப் பார்த்து வாங்காதீங்க. டிபிஐங்கறது எல்லாப் பக்கமும் சமமா பரப்புற ஒரு கற்பனை ஆன்டெனாவோட ஒப்பிடுற கணக்கு. ரெண்டு கம்பி வெச்ச சாதாரண டைபோல் ஆன்டெனாவே அந்தக் கணக்குல 2.15 வாங்கிடும். அதனால உங்க 4.5ல நிஜமா கூடுதலா கிடைக்கிறது 2.35. அதுவும் உற்பத்தி பண்ணினவங்க நல்ல உலோகத் தளத்து மேல வெச்சுப் பார்த்த எண். பானெட் ஓரத்துல அந்தத் தளம் எங்கே இருக்கு?

ஆன்டெனான்னா கம்பி மட்டும்னு நினைக்கறதுலதான் எல்லாருக்கும் தப்பு ஆரம்பிக்குது. கால் அலைக் கம்பிக்கு மறுபாதி அதுக்குக் கீழே விரிஞ்சு கிடக்கிற இரும்புத் தகடு. 145ல அலைநீளம் 2 மீட்டருக்குச் சத்தே கூட, கால் அலை அரை மீட்டர். அப்ப கம்பியைச் சுத்தி எல்லாப் பக்கமும் அரை மீட்டர் இரும்பு வேணும். உங்க வண்டிக் கூரை நடுவுல அது தானாவே கிடைக்குது. பானெட் ஓரத்துல ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் வெறும் காத்து. பின்னாடி கண்ணாடியும் தூணுமா வண்டி முழுக்க மறைச்சுக்கிட்டு நிக்குது. ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ரிப்பீட்டர்ல ஒருத்தரைக் கேட்கச் சொல்லிட்டு, காலி மைதானத்துல வண்டியை மெதுவா ஒரு வட்டம் சுத்துங்க. கம்பியிலேர்ந்து பார்த்தா எந்தத் திசையில தகடு கீழே விரிஞ்சு, வண்டி மறைக்காம இருக்குதோ அந்தத் திசைக்குப் பலமா போகும். மத்த திசையில விழும்.

பானெட்டுலேயே வெச்சிருந்தீங்கன்னா கிளாம்ப்போட சின்ன ஸ்க்ரூ பெயின்ட்டைத் தாண்டி இரும்பைக் கடிச்சிருக்கான்னு பார்க்கணும். பானெட்டே கீல் வழியாத்தான் பாடியோட சேருது, அந்தக் கீல்ல கிரீஸும் பெயின்ட்டும். பின்னல் பட்டை ஒண்ணால பானெட்டையும் பாடியையும் தனியா இணைக்கணும். இவ்வளவு செய்யறதுக்கு கூரைக்கே போயிடலாம்.

மலைக்குப் போறவங்களுக்கு நீளமான கெயின் ஆன்டெனா நான் சொல்ல மாட்டேன். கெயின்ங்கறது புதுசா உண்டாகுற சக்தி இல்ல. மேலே போறதைப் பிடிச்சு அடிவானத்துப் பக்கம் அமுக்கி விடறாங்க, அவ்வளவுதான். சமவெளியில, நெடுஞ்சாலையில அது நல்லது. 5/8 அலைக் கம்பி அங்கே கால் அலையை விட ஒண்ணு, ஒன்றரை டெசிபல் கூடக் கொடுக்கும். ஆனா நீங்க பள்ளத்தாக்குல நிக்கும்போது ரிப்பீட்டர் தலைக்கு மேலே இருக்கும். வளைவுல வண்டி ஒரு பக்கம் சாயும், நீளக் கம்பி காத்துல பின்னாடி படுத்துக்கும். அமுக்கின கதிர் அப்ப பாறையில போய் மோதும். கால் அலைக் கம்பி பெரிய மனசுக்காரன் மாதிரி எல்லாக் கோணத்துக்கும் கொடுக்கும். மரக்கிளையும் அதிகம் தொடாது.

வெறும் கால் அலைக் கம்பி 145க்கு 49 செ.மீ. அதே கம்பி 435ல முக்கால் அலையா இருக்கறதால எஸ்டபிள்யூஆர் நல்லாவே வரும். ஆனா அங்கே கதிர் மேல்நோக்கிப் போயிடும். 435ஐ எப்பவாவது பயன்படுத்தினா பரவாயில்ல. அடிக்கடின்னா, நடுவுல சின்ன சுருள் வெச்ச அரை மீட்டர் டூயல் பேண்ட் கம்பி இருக்கு. உங்க ரேடியோவுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

வெறும் கம்பி வாங்கினா வெட்டித்தான் சரி பண்ணணும். 510 மி.மீ. நீளத்துல ஆரம்பிங்க, 140 பக்கம் இறங்கும். ஒரு மில்லிமீட்டர் குறைச்சா 0.3 மெகாஹெர்ட்ஸ் கிட்ட மேலே ஏறும். 491 வந்தா 145. ஆனா கடைசி நாலு மி.மீ.யை வெட்டாதீங்க, அரத்தால தேயுங்க. நுனியில உருண்டை இருக்கிற கம்பின்னா அந்தப் பக்கம் தொடாதீங்க. அடியில ஸ்க்ரூவுக்குள்ள போற முனையை வெட்டுங்க. கண்ணாடியில ஒட்டுற வகை பக்கமே போக வேணாம். கண்ணாடியில உலோகப் பூச்சோ ஃபிலிமோ இருந்தா முடிஞ்சது.

ஓட்டையா மேக்னட்டாங்கறது உங்க விருப்பம். மேலே தம்பி சொன்ன மேக்னட்டும் 145, 435ல நல்ல வழிதான். ஆனா அதோட கேபிள் மறுபடி கதவு இடுக்கு வழியாத்தான் வரணும், நீங்க இப்ப அழுதுட்டு இருக்கிற இடம் அதேதான். பின் கதவு ரப்பர் மெத்துன்னு இருக்கிற இடமாப் பார்த்து விட்டா கொஞ்ச நாள் கூட உழைக்கும். வண்டியைப் பத்து வருஷம் வெச்சிருக்கப் போறீங்கன்னா என்எம்ஓ மவுன்ட்தான் (கூரையில ஓட்டை போட்டு நிலையா இறுக்குற ஆன்டெனா அடி). 19 மி.மீ. ஓட்டை.

ஓட்டை போடறதுன்னா முதல்ல உள்கூரைத் துணியை இறக்குங்க. விளக்குக்குப் போற வயர், குறுக்குப் பட்டை எங்கே இருக்குன்னு கண்ணால பாருங்க. பக்கவாட்டு ஏர்பேக் கூரை ஓரத்துலயும் முன் தூண்லயும் சுருட்டி வெச்சிருக்கும். அதுக்குக் குறுக்கே கேபிள் போகக் கூடாது, பின்னாடி வழியா விடணும். இது எனக்கு ரொம்ப முக்கியம், தயவுசெஞ்சு விளையாட்டா எடுத்துக்காதீங்க. ஆழம் தாண்டாத தோள் வெச்ச ஓட்டைவெட்டி கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்க. சீவலைக் காந்தத்தால எடுங்க, ஒரு துகள் கூட கூரையில விட்டா ஒரே மழையில துருப் பொட்டு வெச்சிடும். உள்பக்கம் ஓட்டையைச் சுத்தி ஒரு மோதிரம் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டுங்க. கிரவுண்ட் அங்கேதான் கிடைக்குது.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. முதல்ல கேபிளை மட்டும் மாத்தி, இதே ஆன்டெனா இதே இடத்துல எப்படின்னு பாருங்க. அப்புறம் கூரை.

இருசக்கரம்:

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். கூரைக்கம்பி ஐயா சொன்னது இரும்புக் கூரை உள்ளவங்களுக்கு. கூரை ஃபைபர்ல இருந்தா, இல்ல என்னை மாதிரி பைக்ல ரேடியோ வெச்சிருந்தா அடியில இரும்பே கிடையாது. நான் மொதல்ல கால் அலைக் கம்பியை சீட்டுக்குப் பின்னாடி கேரியர்ல வெச்சேன். எஸ்டபிள்யூஆர் 3க்குக் கீழே இறங்கவே இல்ல. கேபிள் மேல கை வெச்சா எண் மாறும். கேபிளே ஆன்டெனாவோட மறுபாதியா வேலை செஞ்சதுதான் காரணம்னு பின்னாடிதான் புரிஞ்சது.

அரை அலை ஆன்டெனாவுக்கு மாத்தினேன். 145க்கு ஒரு மீட்டர் இருக்கும், அடியில பொருத்துச் சுருள் இருக்கும், கீழே தளம் தேவையில்ல. கையை வெச்சாலும் எடுத்தாலும் எண் அசையல. ஃபைபர் கூரை வேன் வெச்சிருக்கிற நண்பர் வேற வழி பண்ணினார். உள்கூரைத் துணிக்கு மேலே அரை மீட்டர் நீளத்துல நாலு செம்புப் பட்டையை நாலு திசையில ஒட்டி மவுன்ட்டோட இணைச்சுட்டார். அதுவும் நல்லா வேலை செய்யுது. அலுமினியக் கூரைன்னா தளம் கிடைக்கும், மேக்னட் மட்டும் ஒட்டாது.

நெடுஞ்சாலை:

கூரைக்கம்பி சார், கேபிள் விஷயத்துல ஒத்துக்கறேன். ராத்திரி போய் என் மேக்னட் மவுன்ட் கேபிளை அளந்தேன். மெல்லிசு கேபிள், நாலு மீட்டர். திறந்த முனையில 145ல 5 காட்டுது. எட்டு வருஷக் கேபிள். மாத்திடவா?

கூரைக்கம்பி:

5ன்னா ஒரு வழிக்கு 1.7, 1.8 டெசிபல். அவ்வளவு மெல்லிசு கேபிள் புதுசுலயே கிட்டத்தட்ட 1.3 எடுக்கும். அதனால அவசரம் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இதே மாதிரி அளந்து தேதி போட்டு எழுதி வைங்க. 4க்குக் கீழே இறங்கினா மாத்துங்க.

மலைப்பாதை:

ஒரு மாசம் கழிச்சு எழுதறேன், தாமதத்துக்கு மன்னிக்கணும்.

பழைய கேபிளைக் கழட்டினேன். கதவு மேல் ஓரத்துல மடங்குற இடத்துல உறை விரல் நகம் அளவுக்குப் பிளந்திருந்தது, வெளியிலேர்ந்து பார்த்தா கீறல் மாதிரிதான் தெரிஞ்சது. அங்கேயிருந்து ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சாணா வெட்டிக்கிட்டே போனேன். ஒரு பக்கம் மூணு சாண், இன்னொரு பக்கம் அஞ்சு சாண் வரைக்கும் பின்னல் பச்சையா இருந்தது. விரலால தேய்ச்சா மாவு மாதிரி உதிர்ந்தது. அஞ்சு சாண் தாண்டி வெட்டின இடத்துல செம்பு புதுசா மின்னுச்சு. நடுக்கம்பி கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. ஐயா சொன்ன மாதிரி பீப் சத்தம் வந்திருக்கும்.

முதல்ல கேபிள் மட்டும். அதே ஆன்டெனா, அதே பானெட். 145ல எஸ்டபிள்யூஆர் 1.4 ஆச்சு! முன்னாடி 1.1 இருந்தது. அதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கும், ஆனா காரணம் இப்ப தெரியும். ரிப்பீட்டர்ல உடையாம பேச முடிஞ்சது. மைதானத்துல வட்டம் சுத்தினேன். வண்டி மூக்கு ரிப்பீட்டரைப் பார்த்தபோது தெளிவுன்னாங்க, பின்பக்கம் திரும்பினபோது இரைச்சல் ஏறுதுன்னாங்க. ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்துல.

ரெண்டு வாரம் அப்படியே ஓட்டிட்டு, போன ஞாயித்துக்கிழமை கூரையில ஓட்டை போட்டோம். உள்கூரைத் துணியை இறக்கினது நல்லதாப் போச்சு. நான் பென்சில்ல குறிச்சிருந்த இடத்துக்கு நேர் கீழே குறுக்குப் பட்டை இருந்தது. நாலு விரல்கடை பின்னாடி தள்ளிப் போட்டோம். ஓட்டைவெட்டி தகட்டைத் தொட்ட அந்த நேரம் கண்ணை மூடிக்கலாமான்னு இருந்தது. பத்து செகண்ட்ல முடிஞ்சது.

கேபிள் நாலரை மீட்டர், பின் பக்கமா இறக்கினது. கம்பியை மாட்டறதுக்கு முன்னாடி திறந்த முனையில அளந்தேன், கிட்டத்தட்ட 10. அரை மீட்டர் டூயல் பேண்ட் கம்பியை மாட்டின பிறகு 145ல 1.3, 435ல 1.5. இனிமே அதைத் தொட மாட்டேன்.

நேத்து மலையில போய்ப் பார்த்தோம். முன்னாடி என் குரல் தொலைஞ்ச அந்த 3 கிலோமீட்டர் தூரத்துல நண்பர் நின்னார். இரைச்சலே இல்ல, பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்குன்னார். பவரை 5 வாட்டுக்குக் குறைச்சேன். அப்பவும் கேட்டுச்சு. வட்டம் சுத்தினேன், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. அப்புறம் அவர் சமவெளியில போய்க்கிட்டே இருந்தார், 9 கிலோமீட்டர் வரைக்கும் பேசினோம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அந்த 9ஐ 20 ஆக்க முடியுமா?

கூரைக்கம்பி:

ரொம்ப சந்தோஷம் தம்பி. 1.4ஐப் பார்த்து பயப்படாம இருந்தீங்க பாருங்க, அதுதான் எனக்கு நிறைவா இருக்கு.

20 ஆகாது. அதுக்கு ஆன்டெனா காரணம் இல்ல, பூமி வளைஞ்சிருக்கறதுதான் காரணம். ஆன்டெனா உயரத்தை மீட்டர்ல எடுத்து வர்க்கமூலம் போட்டு 4.12ஆல பெருக்குங்க, ரேடியோ அடிவானம் கிலோமீட்டர்ல வரும். கூரை உயரம் 2 மீட்டர்னா 5.8. ரெண்டு வண்டிக்கும் சேர்த்து 11, 12. நடுவுல மரம், வீடு இருந்தா அதுவும் குறையும். 9 வந்தது நல்ல கணக்கு. 400 மீட்டர் உயரத்துல இருக்கிற ரிப்பீட்டருக்கு அதே கணக்குல 88 கிலோமீட்டர் வரும். தூரம் வேணும்னா ஒருத்தர் மேட்டுல ஏறி நில்லுங்க.

மழைக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சிடுங்க. மவுன்ட்டுக்குக் கீழே ரப்பர் வளையம் சரியா உட்கார்ந்திருக்கான்னு கம்பியைக் கழட்டிப் பாருங்க. கேபிள் ரேடியோவுக்கு ஏறுற இடத்துல கீழே தொங்குற மாதிரி ஒரு வளைவு விடுங்க, தப்பித் தவறி தண்ணி இறங்கினாலும் அங்கே சொட்டிடும். அந்த 10ஐ இன்னைக்குத் தேதியோட ரேடியோ அடியில ஒட்டி வைங்க.